1999-ம் வருஷத்து முதலுதவிச் சான்றிதழ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. திருச்சியில் பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, நாக்பூர், விஜயவாடா என்று மாற்றலாகி, இப்போது செகந்திராபாத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் சாதாரண வங்கி அதிகாரி. இந்தப் பதிவில் வருவதெல்லாம், ஒரு சம்பவத்துக்குப் பிறகு தூக்கம் பிடிக்காமல் தேடித் தேடிப் படித்தது. கொஞ்சம் நீளம்தான். ஊரில் வயதான அப்பா அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை படித்துவிடுங்கள்.

சம்பவத்தைச் சொல்கிறேன். 2018 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தெலுங்குக்காரர்தான். ஆனால் அரக்கோணத்திலும் ஜோலார்பேட்டையிலும் பல வருஷம் வேலை பார்த்ததால் கணவன் மனைவி இருவருமே நன்றாகத் தமிழ் பேசுவார்கள். தமிழ் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். என் பசங்களுக்கு அவர் "ரயில் தாத்தா". அன்றைக்குப் பால் பாக்கெட்டோடு கார் நிறுத்தும் இடத்தைக் கடந்து வந்தவர், அப்படியே மடிந்து விழுந்தார்.

முதலில் ஓடியது நான்தான். வாட்ச்மேன் தண்ணீர் எடுக்கப் போனார். யாரோ வலிப்பு என்று நினைத்துப் பெரியவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நான் பதறவில்லை. ஏனென்றால் எனக்கு முதலுதவி தெரியும்! 1999-ல் கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமில் மூன்று நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அதை லேமினேட் செய்து, டிகிரி சர்டிஃபிகேட்டுக்குப் பக்கத்தில் இன்னமும் வைத்திருந்தேன்.

சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மூக்கருகே காதை வைத்தேன். சில விநாடிகளுக்கு ஒருமுறை, குறட்டை மாதிரி சத்தத்தோடு, வாய் திறந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. மணிக்கட்டில் விரல் வைத்தேன். துடிப்பு தெரிந்தது. "மூச்சு இருக்கு, நாடி இருக்கு, பயப்படாதீங்க" என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிவிட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வை என்பதுதானே பாடம். இதற்குள் 108-க்குப் போன் செய்திருந்தார்கள். பன்னிரண்டு நிமிஷத்தில் வண்டி வந்தது. அந்தச் சந்துக்கு அது நல்ல வேகம்தான்.

வண்டியிலிருந்து இறங்கிய இளைஞருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். முகத்தைப் பார்த்தார், கழுத்தில் விரல் வைத்தார், மல்லாக்கப் புரட்டி நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டார். "எப்ப விழுந்தார்? யாராவது நெஞ்சை அழுத்தினீங்களா?" என்றார். "மூச்சு இருந்ததே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. நெஞ்சில் ஒட்டிய கருவி, ஷாக் தேவையில்லை என்று சொன்னது. நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டேன். ஷாக் கொடுத்துச் சரிசெய்யக்கூடிய கட்டம் தாண்டிவிட்டது என்பது அதன் அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வெளியே டீக்கடையில் அந்த இளைஞரைப் பார்த்தபோது கேட்டே விட்டேன். அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அது மூச்சு இல்லை சார். இதயம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படி இழுக்கும். எங்களுக்கே வீடியோ போட்டுக் காட்டித்தான் புரிய வைத்தார்கள். போன மறுபயிற்சியில்கூட முதல் கேள்வி இதுதான்." அப்போ நாடி? "பதட்டத்தில் நம்ம விரல் துடிப்பே நமக்குத் தெரியும் சார். எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

வங்கியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். புது சர்க்குலர் வந்தால், அதன் கடைசியில் முந்தைய சர்க்குலர்கள் இத்துடன் விலக்கிக்கொள்ளப்படுகின்றன என்று ஒரு வரி இருக்கும். பழைய சர்க்குலரைப் பார்த்து லோன் கொடுத்தால் மெமோ வரும். நான் அன்றைக்குப் பத்தொன்பது வருஷப் பழைய சர்க்குலரைப் பார்த்து ஒரு மனிதருக்கு முதலுதவி செய்திருக்கிறேன். ஏமாற்றவில்லை, சோம்பேறித்தனமும் இல்லை. படித்ததை ஒழுங்காகத்தான் செய்தேன். படித்தது காலாவதியாகியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த இளைஞர் சொன்ன "மறுபயிற்சி" என்ற வார்த்தை மனதில் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸில் வருகிறவருக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், அதை அடிக்கடி சோதிக்க வேண்டும் என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? அங்கிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

சவ அடக்கக்காரர்களின் வண்டி

ஆம்புலன்ஸ் என்ற யோசனை பழையது. 1790-களில் பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் லாரே, காயம்பட்டவர்களைப் போர்க்களத்திலிருந்து உடனே அள்ளிக்கொண்டு வர இலகுவான குதிரை வண்டிகளை ஓடவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய 170 வருஷத்துக்கு வண்டிதான் வேகமாகிக்கொண்டே போனது. வண்டிக்குள் இருப்பவருக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றிப் பெரிதாக யாரும் கவலைப்படவில்லை.

1966-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதெமி ஓர் அறிக்கை வெளியிட்டது. முந்தைய வருஷம் மட்டும் அங்கே விபத்துகளில் 1,07,000 பேர் இறந்திருந்தார்கள். அந்த அறிக்கையில் ஒரு விவரம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் சவ அடக்கம் செய்யும் தொழில்காரர்கள்! சுமார் 12,000 பேர். காரணம் எளிது. ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. வண்டியில் வருபவருக்கு என்ன பயிற்சி இருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்குமான அளவுகோல் எதுவும் கிடையாது.

இத்தனைக்கும் மருத்துவத்துக்கு அதற்குள் சில புது விஷயங்கள் தெரிந்துவிட்டன. வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போன மயக்க மருந்து நிபுணர் பீட்டர் சாஃபர், 1950-களின் பிற்பகுதியில் பால்டிமோரில் ஒரு துணிச்சலான சோதனை செய்தார். தாமாக முன்வந்தவர்களுக்கு மயக்கமும், தசையைச் செயலிழக்க வைக்கும் மருந்தும் கொடுத்து, அவர்களால் மூச்சே விட முடியாதபடி செய்தார். பிறகு வாயோடு வாய் வைத்துச் சாதாரண மனிதர்களை ஊதச் சொன்னார். அதுவரை உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது, குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்துவது, கையைத் தூக்கித் தூக்கி இறக்குவது போன்ற முறைகள். அவற்றால் நுரையீரலுக்குப் போதிய காற்றே போகவில்லை என்று சாஃபர் காட்டினார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகத்தில் இருந்ததை எல்லாம் ஒரே கோடு போட்டு அடித்தாயிற்று.

அடுத்தது நெஞ்சை அழுத்துவது. அதைக் கண்டுபிடித்ததில் முக்கியப் பங்கு ஓர் எலக்ட்ரிகல் இன்ஜினியருக்கு! ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியரும் நிக்கர்பாக்கர் என்ற மாணவரும் மின் அதிர்ச்சிக் கருவியை நாய்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கனமான தகடுகளை நெஞ்சில் அழுத்தியதுமே, மின்சாரம் பாயாமலே, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதை நிக்கர்பாக்கர் கவனித்தார். ஜூட் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்துகொள்ள, 1960 ஜூலையில் கட்டுரை வந்தது. 20 நோயாளிகள், 14 பேர் பிழைத்தார்கள். இரண்டு கைகள் போதும் என்று அந்தக் கட்டுரை சொன்னது.

பெல்ஃபாஸ்டில் டாக்டர் பான்ட்ரிட்ஜ் 1966-ல் கார் பேட்டரியில் ஓடும் எழுபது கிலோ மின் அதிர்ச்சிக் கருவியை வேனில் ஏற்றி நோயாளி வீட்டுக்கே அனுப்பினார். ஆனால் கூடவே டாக்டரும் போக வேண்டியிருந்தது. டாக்டர் இல்லாமல் இதை யார் செய்வது? அதற்கு விடை வந்த இடம் பிட்ஸ்பர்க்.

பிட்ஸ்பர்க்கின் இளைஞர்கள்

சாஃபர் அப்போது பிட்ஸ்பர்க்குக்கு வந்துவிட்டிருந்தார். 1966-ல் அவருடைய மகள் எலிசபெத் ஆஸ்துமா தாக்கி இறந்துபோனாள். சிறு பெண். உலகத்துக்கே மூச்சுக் கொடுக்கச் சொல்லித்தந்தவரின் வீட்டில்! அதே வருஷம் அந்த மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஒருவர் மேடையில் சரிந்து விழுந்து, பிறகு இறந்தார். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் நடக்கும் அந்தச் சில நிமிஷங்கள்தான் ஓட்டை என்பது சாஃபருக்குத் தெளிவாகிவிட்டது.

அந்த ஊரில் ஹில் என்ற பகுதி கறுப்பின மக்கள் வாழ்ந்த இடம். அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் போலீஸ் வண்டிதான் வரும். பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். 1967-ல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்போடு சேர்ந்து, அந்தப் பகுதி இளைஞர்களையே பயிற்சிக்கு எடுத்தார் சாஃபர். பலர் வேலை இல்லாதவர்கள். சிலர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்கள். சிலர் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள். சுமார் 300 மணி நேரப் பயிற்சி. உடற்கூறு, மூச்சுப் பாதை, இதயம், பிரசவம், அறுவை அரங்கில் நேரடி வேலை என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 1968-ல் வண்டி ஓட ஆரம்பித்தது.

பிறகு நான்சி கரோலின் என்ற இளம் பெண் டாக்டர் அதற்கு மருத்துவப் பொறுப்பாளராக வந்தார். அவர் கூடவே வண்டியில் போவார். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் உட்கார்ந்து, என்ன பார்த்தோம், என்ன நினைத்தோம், எது தவறு என்று பேச வைப்பார். அமெரிக்க அரசு பாராமெடிக்குகளுக்கான நாடு தழுவிய பாடத்திட்டம் எழுதும் வேலையை அவரிடம்தான் கொடுத்தது. அதை உரசிப் பார்த்த இடம் இந்த இளைஞர்களின் வண்டிகள்தான்.

அதன் முடிவைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. 1975-ல் நகர நிர்வாகம் தனியாக ஓர் ஆம்புலன்ஸ் சேவை ஆரம்பித்து, ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. ஊழியர்களைப் புதிய சேவையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்குக் கற்றுத்தராத விஷயங்களில் தேர்வு வைத்தார்கள், பழைய போலீஸ் வழக்கைக் காட்டி நீக்கினார்கள், மிச்சம் இருந்தவர்களை ஓரம் கட்டினார்கள். நாட்டுக்கே பாடத்திட்டம் உருவாகக் காரணமானவர்களைத் தேர்வு என்ற பெயரிலேயே வெளியே தள்ளினார்கள்.

தேர்வு என்பது இரண்டு வகை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஆளை வெளியே தள்ள வைப்பது ஒன்று. ஆளைப் பழைய தவறிலிருந்து காப்பாற்ற வைப்பது இன்னொன்று. டீக்கடையில் அந்த இளைஞர் "போன மறுபயிற்சியில் முதல் கேள்வி இதுதான்" என்று சொன்னாரே, அது இரண்டாவது வகை.

அடித்துத் திருத்திய பாடங்கள்

அமெரிக்காவில் 1970-ல் அவசர மருத்துவ உதவியாளர்களுக்கான தேசியப் பதிவகம் தொடங்கினார்கள். எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன், சுருக்கமாக இ.எம்.டி. என்ற பெயர் நிலைத்தது. 1971-ல் 81 மணி நேரப் பாடத்திட்டம் வந்தது. அதே வருஷம் நடந்த முதல் தேர்வை 1,520 பேர் எழுதினார்கள். ஒருமுறை பாஸ் செய்தால் ஆயுசுக்கும் போதும் என்று விடவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஏன் இரண்டு வருஷம்? ஒன்று, மறந்துவிடும். நெஞ்சை அழுத்தும் பழக்கம் சில மாதங்களிலேயே கையை விட்டுப் போய்விடுகிறது என்று திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். இன்னொன்று, பாடமே மாறிவிடும். இந்த இரண்டாவதுதான் எனக்குப் புதுசு. கொஞ்சம் பட்டியல் போட்டால் உங்களுக்கே புரியும்.

ரத்தப்போக்கு: கை கால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதை, உறுப்பே அழுகிப்போய்விடும், வேறு வழியே இல்லை என்றால் மட்டும் செய் என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அதே கட்டு ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது தெரிந்தது. இப்போது கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால், அதற்கென்று உள்ள பட்டையை உடனே கட்டு, கட்டிய நேரத்தைக் குறித்து வை என்பதுதான் பாடம்.

அழுத்தக் கால்சட்டை: ரத்தம் இழந்தவருக்குக் காற்றடைக்கும் கால்சட்டை மாட்டினால் ரத்தம் மேலே ஏறும் என்று நம்பினார்கள். 1970-களிலிருந்து ஆம்புலன்ஸில் அது கட்டாயப் பொருள் மாதிரி ஆகிவிட்டது. 1989-ல் ஹூஸ்டனில் 911 பேரை வைத்துப் பார்த்தபோது, மாட்டியவர்களில்தான் இறப்பு அதிகம்.

சலைன்: குண்டடி, கத்திக்குத்துப் பட்டவருக்கு வழியிலேயே பாட்டில் பாட்டிலாக ஏற்று என்றிருந்தது. அதே ஹூஸ்டனில் 1994-ல் வந்த ஆய்வில், உடம்பின் நடுப்பகுதியில் காயம்பட்ட 598 பேரில், அறுவை அரங்குக்குப் போகும்வரை சலைன் ஏற்றாதவர்களில் 70 சதவிகிதம் பிழைத்தார்கள். உடனே ஏற்றியவர்களில் 62.

ஆக்ஸிஜன்: மாரடைப்பு என்றாலே மூக்கில் ஆக்ஸிஜன் என்பது சினிமாவில்கூட வரும் காட்சி. 2017-ல் ஸ்வீடனில் 6,629 பேரிடம் பார்த்தார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு சரியாக இருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுத்து எந்தப் பலனும் இல்லை.

இதையெல்லாம் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அந்தந்தக் காலத்து நல்ல டாக்டர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். பெருமை எங்கே என்றால், எண்ணிக்கை வேறு மாதிரி வந்ததும் பாடத்தை மாற்றிக்கொண்டதில்தான்.

இனி என் சான்றிதழ். 1999-ல் நான் படித்தது 15 தடவை அழுத்தி 2 தடவை ஊது. 2005-ல் அது 30-க்கு 2 ஆனது. நடுநடுவே அழுத்துவதை நிறுத்தினால் ரத்த ஓட்டம் விழுந்துவிடுகிறது என்று கண்டதுதான் காரணம். 2008-ல், பயிற்சி இல்லாதவர்கள் ஊதவே வேண்டாம், அழுத்தினால் போதும் என்றார்கள். நாடி பார்ப்பதைச் சாதாரண மக்களின் பாடத்திலிருந்து 2000-த்திலேயே எடுத்துவிட்டார்கள். பலரும் தப்பாகவே சொல்கிறார்கள் என்பதால். நான் சான்றிதழ் வாங்கி ஒரே வருஷத்தில்! காதை வைத்து மூச்சுப் பார்ப்பதை 2010-ல் எடுத்தார்கள். இதயம் நின்றவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு ஆரம்ப நிமிஷங்களில் அந்தக் குறட்டை மாதிரியான இழுப்பு வரும். மயங்கிக் கிடக்கிறார், மூச்சு இயல்பாக இல்லை என்றால் அழுத்த ஆரம்பி என்று பாடம் மாறியது.

அன்றைக்கு நான் செய்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வருஷம் எழுதி, கோடு போட்டு அடித்திருந்தார்கள். எனக்குத்தான் அந்த சர்க்குலர் வந்து சேரவில்லை.

நம்ம 108

இந்தியாவில் கதை பிந்தித்தான் ஆரம்பிக்கிறது. விபத்தில் வந்தவரை, போலீஸ் கேஸ் என்று சொல்லி ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பிய காலம் உண்டு. 1989-ல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், முதலில் உயிர், மற்ற நடைமுறை எல்லாம் பிறகு என்று தெளிவாகச் சொன்னது.

108 பிறந்தது நான் இருக்கும் ஊரில்தான். 2005 ஆகஸ்ட் 15, ஹைதராபாத். ஆரம்பித்தவர் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ராமலிங்க ராஜு. 2009 ஜனவரியில் அவருடைய கணக்குப் புரட்டு வெளிவந்ததை வங்கிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். ஆனால் 108 நிற்கவில்லை. அதே வருஷம் ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15-ல் தொடங்கியது.

ஆனால் வண்டி வாங்குவது சுலபம். உள்ளே உட்கார ஆள்? நம் ஊரில் அப்படி ஒரு தொழிலே அதுவரை பரவலாக இல்லை. கிராமத்திலிருந்து பட்டப்படிப்பு முடித்து வந்த பையன்களையும் பெண்களையும் பயிற்சி கொடுத்து உருவாக்கினார்கள். 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் ஹைதராபாத்துக்கு வந்து பாடத்திட்டம் அமைக்க உதவினார்கள். வண்டியில் இ.எம்.டி. ஒருவர், ஓட்டுபவர் ஒருவர். அவரைப் "பைலட்" என்பார்கள். சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரைப் போனில் கேட்டுக்கொள்வார்கள். இந்தத் தொழிலுக்குச் சட்டபூர்வமான இடம் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில்தான் கிடைத்தது.

நம் இ.எம்.டி.க்குத் தெரிந்திருக்க வேண்டியது அமெரிக்கப் புத்தகத்தில் இருப்பது மட்டும் இல்லை. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இங்கே பாடம் ரத்தப்போக்குக்கு நேர் எதிர். இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. ஒரே கயிறு, ஓர் இடத்தில் உயிர் காக்கிறது, இன்னோர் இடத்தில் கெடுக்கிறது.

பக்கவாதத்திலும் அப்படித்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995-ல் நிரூபித்தார்கள். 2008-ல் அது நாலரை மணி நேரம் ஆனது. அதனால்தான் ஆம்புலன்ஸில் வருகிறவர் "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்று துளைத்துத் துளைத்துக் கேட்கிறார். எரிச்சல் படாமல் மணி சொல்லுங்கள். கூடவே விரலில் குத்தி சர்க்கரையும் பார்ப்பார். சர்க்கரை ரொம்பக் குறைந்தாலும் பக்கவாதம் மாதிரியே வாய் குழறும்.

வலிப்புக்குச் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்தி, நேரம் பார்த்து, வலிப்பு நின்றதும் ஒருக்களிக்க வையுங்கள். தீப்புண்ணுக்குப் பேனா மை, டூத்பேஸ்ட், மாவு எதுவும் கூடாது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம். எங்கள் வீட்டில் பேனா மை பாட்டில்தான் முதலுதவிப் பெட்டியாக இருந்தது :-)

மறுபடியும் அந்த வீடு

பெரியவர் நான் அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. எல்லா வசதியும் உள்ள அமெரிக்காவிலேயே, ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார். ஆனால் யாரும் எதுவும் செய்யாத ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அந்த வாய்ப்பு 7 முதல் 10 சதவிகிதம் குறைகிறது என்பதும் கணக்கு. நான் பன்னிரண்டு நிமிஷம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்குப் போடத் தெரிந்தவன் என்பதால் இது இன்னும் கஷ்டம்.

மூன்று மாதம் கழித்து அவர் மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அன்னைக்கு அது மூச்சு இல்லைங்க அம்மா. எனக்குத் தெரியலை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்ப தெரிஞ்சிடுச்சு இல்ல தம்பி, மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

2019-ல் எங்கள் அபார்ட்மெண்ட் ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைத்தோம். நார்வேயில் லார்டால் என்ற பொம்மை வியாபாரி 1960-ல் செய்த பயிற்சிப் பொம்மையின் வாரிசு ஒன்று வந்தது. நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். இரண்டே நிமிஷத்தில் எனக்கு முதுகு கழன்றுவிட்டது. அந்த அம்மாவும் வந்து, முட்டி போட்டு, இரண்டு நிமிஷம் முழுசாக அழுத்தினார். அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி போகிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது மறந்திருக்கிறது. பழைய லேமினேட் சான்றிதழை எடுத்து எறியவில்லை. அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் "ரத்து" என்று எழுதி, அதே ஃபைலில் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது மூன்றே விஷயம்தான். உங்கள் முதலுதவி அறிவுக்கு என்ன வயசு என்று பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவு செய்யுங்கள். ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் போலீசுக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கின்றன.

மூன்றாவது, நம்மைப் போல வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கு. ஊரில் அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று அம்மா போன் செய்து, நீங்கள் இங்கிருந்து 108 அழுத்தினால், நீங்கள் இருக்கும் மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். தமிழ்நாட்டு வண்டி கிளம்பாது. அதனால் முதலில் 108, பிறகு பையனுக்கு என்று அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். எதிர் வீட்டுக்காரர், தெருமுனைக் கடைக்காரர் என்று இரண்டு பேர் நம்பர் உங்கள் போனில் இருக்கட்டும். நான் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது, "என்னடா இது அபசகுனமா" என்று அம்மா திட்டினாள். ஆனாலும் எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாளாம்.

பி.கு.: இதில் உள்ள எண்களும் முறைகளும் நான் எழுதும் இன்றைக்குச் சரி. நீங்கள் பல வருஷம் கழித்துப் படிக்கிறீர்கள் என்றால், இதையும் பழைய சர்க்குலர் என்றே வைத்துக்கொண்டு, புதியதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.